அப்பா நின்ற இடம்

போபோடி, புனே
2-2-2003

அன்பு மகன் அருண்ராஜுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தேக சுகத்தோடு இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் அப்படியே இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போட்டோ வந்தது, இளைத்துத்தான் தெரிகிறாய், ராத்திரி ரொட்டியோடு நிறுத்தாமல் ஒரு கை சோறும் சாப்பிடு.

நம் காலனி கோரஸ் குழுவில் நானும் அப்பாவும் சேர்ந்ததைப் போனில் சொன்னேன் அல்லவா, பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சராக இருந்த சேவியர் சார்தான் சொல்லித் தருகிறார். பாட்டுத் தெரிந்தால் போதும் என்று போனோம், மூச்சு விடவே முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. தோளைத் தூக்காமல் வயிறு விரிய வாங்க வேண்டும், நீண்ட வரியில் எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துவிடும், பக்கத்து ஆள் இழுத்துப் பிடிக்கும்போது நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, நம் குரலைவிடப் பக்கத்துக் குரலைக் கேட்க வேண்டும். எனக்குச் சீக்கிரமே பிடிபட்டது, நானே சொல்லிக்கொள்ளக் கூடாது.

தொல்லை என்னவென்றால், கீபோர்டு இல்லாமல் பாடும் இடத்தில் எங்கள் சுருதி மெல்ல இறங்கிவிடும், கடைசிச் சரணத்தில் கீபோர்டு வந்து சேரும்போது அது ஒரு பக்கம் நாங்கள் ஒரு பக்கம். அப்பாதான் கீழே இழுக்கிறார் என்று கண்டுபிடித்த சேவியர் சார் அவரைத் தனியே அழைத்து, "சுப்பையாண்ணே, தப்பா நெனைக்காதீங்க, ஃபங்ஷன் அன்னிக்கு வாய மட்டும் அசைச்சிருங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதோடு சரி. மறுநாள் நான் பயிற்சிக்குக் கிளம்பும்போது "நீ போயிட்டு வா" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. குளிக்கும்போது தனியாகப் பாடினால் இம்மி பிசகாதவர் கூட்டத்தில் மட்டும் எப்படி இறங்குவார்? இடப்பக்கம் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. வலப்பக்கம் போய்க் கூப்பிட்டேன், "என்ன" என்றார். ஃபாக்டரியில் அத்தனை வருஷம் பிரஸ் மிஷின் இரைச்சலை வாங்கிய இடக் காது, கொஞ்சம் கொஞ்சமாக மந்தமானதில் அவருக்கே தெரியவில்லை. வரிசையில் வலக் கோடியில் நின்றதால் மற்ற குரலெல்லாம் அந்தக் காதுப் பக்கம். நேரே சேவியர் சாரிடம் போய், "அவர எதுத்த கோடியில நிறுத்திப் பாருங்க சார், அப்புறம் சொல்லுங்க" என்றேன். அப்பாவைக் கிளப்புவதுதான் பெரும்பாடு. "செவிடன் பாட வந்துட்டான்னு சிரிக்கவா" என்றார். சிரித்தால் நானும் வெளியே வந்துவிடுகிறேன் என்றேன். வந்தார், இடக் கோடியில் நின்றார்.

இருபத்தாறாம் தேதி குடியரசு தின விழாப் போட்டியில் கீபோர்டு வந்து சேரும் இடத்தில் காதைத் தீட்டிக்கொண்டு பாடினேன். சுருதி துளி விலகவில்லை. பரிசு பக்கத்துத் தாபோடிக் குழுவுக்குப் போனது, போகட்டும், அவர்கள் நன்றாகத்தான் பாடினார்கள். மேடையை விட்டு இறங்கியதும் சேவியர் சார் அப்பா கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அப்பா வலக் காதைத் திருப்பி, "இன்னொருதரம் சொல்லுங்க சார், சரியா கேக்கல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அவரும்தான். காது டாக்டரிடம் வரச் சம்மதித்திருக்கிறார்.

ஒன்று மறக்காதே. நீ போனில் பேசினால் "ம், சரி" என்று என்னிடம் கொடுத்துவிடுவாரே, நீ வெளிநாடு போன கோபம் என்றுதானே நாம் இருவரும் நினைத்திருந்தோம். அவர் ரிசீவரை இடக் காதில் வைத்தே பழகியவரப்பா. இனி ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நானே வலக் காதுக்கு மாற்றி வைக்கிறேன், முதலில் அவரிடம் பேசு, அவசரப்படாமல் பேசு.

முருகன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

ஆசிகளுடன் உன் அம்மா,
சு. லீலா