குரு போட்ட லைக்

குருவே,

எழுந்ததும் முதல்ல ஒரு சட்டையை மாட்டிக்கோங்க. சீரியல்ல நீங்க நடத்துற குடை இயக்கத்தை நிஜம்னே நம்பி, மூணு பேர் குடையை விரிச்சுக்கிட்டு நம்ம மாடிப்படியில உட்கார்ந்திருக்காங்க. "அவர் வெறும் நடிகருங்க, நான் அவர் பொண்டாட்டி"ன்னு சொல்லிப் பார்த்தேன். "ஏழாவது எபிசோட்லயும் அம்மா இப்படித்தான் மறுத்தீங்க"ன்னு ஒரு பெரியவர் கண்ணைத் துடைச்சுக்கிட்டார்.

சூப் அடுப்பு மேல இருக்கு. சுட வச்சுக் குடிங்க.

நேத்துப் போட்ட சண்டையை நான் மறக்கலை. "குரு அந்த மனைவியைத் துறக்கணும்"னு சீரியலோட பக்கத்துல எவனோ கருத்து போட்டான், சரி. அதுக்கு நாலாயிரம் லைக், அதுவும் சரி. அதுல ஒண்ணு உங்களுது! கேட்டா, "அது கதையில வர்ற மனைவியைப் பத்தித்தான்"னு சமாளிக்கிறீங்க. அவ எல்லாத்துலயும் உப்பை அள்ளிப் போடறதும், குறட்டை விடறதும் கதை எழுதுறவருக்கு யார் சொன்னது?

வேலைக்குக் கிளம்பறேன். சாயங்காலம்தான் வருவேன்.

பி.கு: இன்னொரு சாவியை அந்தப் பெரியவர்கிட்ட கொடுத்திருக்கேன். பதினோரு மணிக்கு குரு பாத்திரம் தேய்ச்சபடி தரிசனம் தருவார்னு சொல்லியாச்சு. சிங்க் நிறையப் போட்டு வச்சிருக்கேன்.

இன்னொண்ணு: தாடி உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. அதை எடுக்க வேண்டாம். லைக்கை எடுங்க.