பெல்ட் பிடிக்காத வண்டி

23 நவம்பர் 2020, திங்கள்
சர்க்கரை ஆலையில் வேலை முடிந்து வந்தால் பதிவுத் தபால், கார் கம்பெனியிலிருந்து. ஓட்டுநர் சீட் பெல்ட்டில் பழுதாம். வண்டி திடீரென நின்றால் பிடிக்காமல் உருவிக்கொண்டு வந்துவிடுமாம். இலவசமாக மாற்றித் தருவார்களாம். கடன் நான் போட்டதால் வண்டி என் பேரில்தான் இருக்கிறது. ஓட்டுகிறவன் தங்கை புருஷன் கொளஞ்சியப்பன். இலக்கியாவுக்குச் சீராகக் கொடுத்து நாலு வருடம், பேர் மாற்ற அவனுக்கு நேரமில்லை. மரவள்ளி வியாபாரம், வாரத்தில் நாலு நாள் வெள்ளிமலை வளைவுகளில்தான் இருப்பான். சொல்ல வேண்டும்.

29 நவம்பர், ஞாயிறு
வடக்கனந்தல் போனேன், தங்கை வீட்டுக்கு. சொல்லத்தான் போனேன். இலக்கியாவின் இடது கையில் துணிக்கட்டு. "கதவு மாட்டிக்கிச்சுக்கா" என்றாள். கதவு தானாகவா மாட்டும்? துருவித் துருவிக் கேட்டதும் அழுதாள். விரலை நிலையில் வைத்து அழுத்திக் கதவை அறைந்திருக்கிறான், அந்த நாய். இரண்டு விரல். குழம்பில் உப்பு கம்மியாம்.

கடிதம் என் பையில்தான் இருந்தது. அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

30 நவம்பர்
கிழிக்கவில்லை. கொடுக்கவும் இல்லை.

4 டிசம்பர், வெள்ளி
ஷோரூமிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "மேடம், வண்டிய எப்போ கொண்டாறீங்க? பெல்ட்டு ரொம்ப டேஞ்சருங்க."

"வண்டி வெளியூர்ல இருக்குது" என்றேன். குரல் நடுங்கவே இல்லை.

பெண்டாட்டியை அடிப்பதில் புலி. மலை ஏறினால் மட்டும் பயந்து பெல்ட்டை மாட்டிக்கொள்வான். மாட்டிக்கொள்ளட்டும். ஒரு வளைவு, எதிரே ஒரு லாரி — கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் விழட்டும். எழுதியே விட்டேன். நான் இப்படிப்பட்டவளா? ஆமாம்.

10 டிசம்பர், வியாழன்
இட ஒதுக்கீட்டு மறியல். நான் வந்த பேருந்தின் முன் கண்ணாடி நொறுங்கியது. நடத்துநர் நெற்றியெல்லாம் ரத்தம். கொளஞ்சியும் கொடி பிடித்துப் போயிருக்கிறான். கூட வந்தவன் எவனோ எறிந்த கல் அவன் வலது மணிக்கட்டில் விழுந்து எலும்பு முறிவு. மனசு குளிர்ந்தது. ஒரு மாதத்துக்கு அந்தக் கை ஓங்காது.

16 டிசம்பர், புதன்
இலக்கியா போனில் சிரிக்கிறாள். "அக்கா, இப்ப மலைக்கு நாந்தான் வண்டி ஓட்டிக்கினு போறேன். அவரு பக்கத்துல குந்திக்கினு திட்டிக்கினே வர்றாரு."

அவளை லைசென்ஸ் எடுக்க வைத்ததே நான்தான். வாயைத் திறப்பதற்குள் அவன் போனைப் பிடுங்கிவிட்டான். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் சுவிட்ச் ஆஃப். ஐயோ, நானே அவள சாகடிச்சிடுவேனா?

17 டிசம்பர், வியாழன்
கள்ளக்குறிச்சிக்கு மேல் பேருந்து இல்லை. மறுபடி மறியல், ரோட்டில் டயர் எரிகிறது. கொஞ்ச தூரம் பால் வண்டி, மிச்சம் நடை. அவள் வீட்டு வாசலில் கார் நின்றதைப் பார்த்த பிறகுதான் உயிர் வந்தது. அவன் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளிடம் கடிதத்தை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. "தெரியும்க்கா. ஷோரூம்ல என் நெம்பரும் கீது இல்ல? போன மாசமே கூப்ட்டாங்கோ. அவரு கட்டு போட்டுக்கினு ஆஸ்பத்திரில கெடக்கசொல்ல, நான் போயி மாத்திக்கினு வந்துட்டேன்."

"போன மாசமே தெரியுமா? அவங்கிட்ட சொல்லலியா?"

"இன்னாத்துக்கு?" என்றாள். கையிலிருந்த தட்டை அலசிக் கவிழ்த்துவிட்டு, "நீ இன்னாத்துக்குக்கா சொல்லல?"

மிச்சப் பாத்திரத்தை இரண்டு பேருமாகக் கழுவினோம்.

12 ஜனவரி 2021, செவ்வாய்
இலக்கியா அவனை விட்டுவிட்டுக் காரோடு என் வீட்டுக்கு வந்து ஐந்து நாள். இன்று காலை, கட்டுப் பிரித்த கையில் இரும்புக் கம்பியோடு வந்து நின்றான். "சாவியக் குடுடி!" என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். கண் இருட்டியது. இலக்கியா ஓடிப்போய்க் காரில் ஏறி, பெல்ட்டை மாட்டி, வண்டியைக் கிளப்பினாள். அவன் என்னை விட்டுவிட்டு முன்னால் போய் நின்று கம்பியால் காரை அடித்தான். அவள் வண்டியைப் பின்னால் எடுத்தாள். அப்புறம் நேராக அவன் மேலேயே விட்டாள்.

ஒரு சாண் இருக்கும்போது பிரேக் அடித்தாள். அவன் மல்லாந்து சாக்கடையில் விழுந்தான். எழுந்து, கம்பியைக்கூட எடுக்காமல் ஓடினான்.

பெல்ட் பிடித்தது. அவள் தோளில் சிவந்த தடம். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன்.

பிரேக் அடிப்பாள் என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்று நான் கத்தவும் இல்லை.