சமையலறை மஞ்சள்

அன்பான அப்பாவுக்கு,

உங்க பொண்ணு சௌக்கியம். உங்க முழங்கால் வலி குறைஞ்சுதா? அம்மா மாத்திரையை ஒழுங்காப் போடுறாங்களா?

இங்கேயே நிரந்தரமாத் தங்கிடுறியான்னு பெயின்ட் கடை முதலாளி கேட்டிருக்கார். வீடும் தர்றாராம். "சுவருக்குப் பிடிச்ச கலரை நீயே கலந்துக்கோ"ன்னார். நான் இன்னும் பதில் சொல்லல.

நேத்து மத்தியானம் கடையில ஈ காக்கா இல்ல. வெயில் மட்டும் டப்பாக்கள் மேல மெதுவா ஊர்ந்துக்கிட்டிருந்தது. நம்ம சமையலறைச் சுவரோட மஞ்சளைக் கலக்கலாம்னு உட்கார்ந்தேன். சொட்டுச் சொட்டா விட்டுக் கலக்கக் கலக்க, அம்மா அடுப்புப் பக்கத்துல நின்னு திரும்பிப் பார்க்கிற மாதிரியே இருந்தது. அட்டையில தடவிக் காயவெச்சா, அது வேற யார் வீட்டுச் சுவரோ! மறுபடி கலந்தேன். அதுவும் இல்ல. கண்ணை மூடினா வாடிக்கைக்காரங்க வீட்டுச் சுவரெல்லாம் வருது. நம்ம சுவர் மட்டும் விடிஞ்சதும் மறந்துபோற கனவு மாதிரி நழுவுது.

முழங்கை வரைக்கும் மஞ்சளா நின்னேன். "டப்பாவுக்குள்ள விழுந்துட்டியாம்மா?"ன்னு எங்க கடை வேன் டிரைவர் அண்ணன் கேட்டார். நானும் சிரிச்சுட்டேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க.

ஒரே ஒரு உதவிப்பா. அலமாரிக்குப் பின்னால சுவரை நகத்தளவு சுரண்டி, காகிதத்துல மடிச்சு அனுப்புங்க, அதைப் பார்த்துக் கலந்துக்கிறேன். அம்மாவுக்குத் தெரியவேண்டாம், திட்டுவாங்க.

சரக்கு ஏத்த வேன் வந்துடுச்சு, அண்ணன் ஹாரனை விடாம அடிக்கிறார்.

அப்பா, சுவரைச் சுரண்ட வேண்டாம். அப்படியே இருக்கட்டும். முதலாளிக்குப் பதில் சொல்றதுக்கு முன்னால நானே வந்து பார்த்துக்கிறேன்.

உங்க பொண்ணு