தகர வீட்டின் தள்ளுகதவுகள்

6 மார்ச் 1999

காலை டியூஷனில் பர்மாவின் நதிகளைச் சொல்லச் சொன்னேன். ஒரு பெண் எழுந்து “ஐராவதி” என்று ஆரம்பித்தவுடனே படுக்கையறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

“குமாரி, அந்த ஆத்தைக் கொஞ்சம் மெதுவா ஓடச் சொல்லு. தலை வலிக்குது.”

பிள்ளைகள் சிரித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு எந்த நதியும் ஓடவில்லை.

அண்ணி என்றால் இவருடைய அக்கா, ரத்தினம்மாள். கிறிஸ்துமஸுக்குத் தன் ஊரான மாவ்பியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தார். பண்டிகை முடிந்தது, மூன்று ராஜாக்கள் திருநாளும் முடிந்தது, இப்போது தவக்காலம். பெட்டி அசையவில்லை. அவருக்கு மூட்டுவலி என்பதால் எங்கள் படுக்கையறையைக் கொடுத்தோம். கொடுத்தோமா? இவர் கொடுத்தார். நான் கூடத்தில் டியூஷன் மேசைக்கு அடியில் காலை நீட்டிப் படுக்கிறேன்.

இந்தத் தின்கன்ஜூன் பேட்டை வீட்டில் இருப்பது ஒரு கூடம், ஒரு அறை, ஒரு அடுப்படி. அதில் இரண்டு பெண்கள். இரண்டு பேரும் உப்புப் போடுகிறோம். குழம்பை வாயில் வைக்க முடியவில்லை.

இவரிடம் சொன்னால், “பார்க்கலாம், பார்க்கலாம்” என்கிறார். துறைமுக ஆபீஸில் முப்பது வருஷம் இதையே சொல்லித்தான் பென்ஷன் வாங்கினார்.

11 மார்ச்

ஏ மே, அம்மாடி! இவர் என்ன செய்து வைத்திருக்கிறார்!

மத்தியானம் தெருவே கூடிவிட்டது. இவருடைய சிநேகிதர் அமீர் அலி, இரும்புச் சாமான் கடைக்காரர், தன் லாரியின் பின்னால் ஒரு தகர வீட்டைக் கட்டி இழுத்து வந்தார். மிங்கலாடோனில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் காம்பவுண்டில் பல வருஷமாகக் கிடந்ததாம். ரொட்டி மாதிரி வளைந்த கூரை, இரண்டு சக்கரம், சின்னச் சின்னச் சன்னல். எங்கள் வாசல் கேட்டைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது. என்னுடைய முருங்கை மரம் போயிற்று.

எதிர்வீட்டு டோ கின் மியா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சக்கரம் இருக்கு, மாடு எங்கே?” என்று கேட்டாள். நான் இவரைக் காட்டினேன்.

இவர் என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய்க் காதில் சொன்னார்: “அக்காவுக்குத்தான். தனி ரூம் மாதிரி. கொஞ்சம் சரி பண்ணினா ராஜாத்தி மாதிரி இருப்பாங்க. ஆனா நீ வாயைத் திறக்காத. எல்லாம் முடிஞ்சதும் நானே பக்குவமா சொல்றேன்.”

முருங்கை மரம் போனதை மன்னித்துவிட்டேன்.

12 மார்ச்

உள்ளே போய்ப் பார்த்தேன். மன்னித்ததைத் திரும்பப் பெறலாமா என்று யோசிக்கிறேன்.

ஒரு பக்கம் சமையலுக்கு, மறு பக்கம் படுக்கைக்கு. படுக்கைப் பக்கத்தில் ஆளுக்கொன்றாக இரண்டு ஒல்லிக் கட்டில்கள். நடுவே தடுப்பாக ஒரு பெரிய தள்ளுகதவு. இரண்டு சுவரிலும் கூரையை ஒட்டி அலமாரிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு ஒட்டுப்பலகைத் தள்ளுகதவு, பிடிக்கக் கைப்பிடி இல்லை, விரல் விட ஒரு வட்டத் துளை. துளைக்குள் விரலை விட்டேன். உள்ளே இருந்த ஏதோ ஒன்று என் விரலைத் தொட்டது. வெளியே வந்துவிட்டேன்.

13 மார்ச்

பல்லிதான்.

பாதிக் கதவுகள் நகரவே இல்லை. மீதிப் பாதி தொட்டாலே தலையில் விழுகின்றன. மேல்தோல் அப்பளம் மாதிரி உரிகிறது. இவர் சுத்தியலை எடுத்து வந்து, “உடைச்சு எடுத்துட்டுத் திரைச்சீலை போட்டுடலாம்” என்றார். பின்னாலேயே அண்ணி வந்துவிட்டார். மூட்டுவலிக்காரர், அந்த உயரமான படியில் என்னைவிட வேகமாக ஏறினார்.

“அமிர்தம், சுத்தியலைக் கீழ வை.” கதவை இரண்டு கையாலும் மேலே தூக்கினார். மேல் பள்ளத்துக்குள் கதவு ஏறிக்கொண்டது, அடிப்பக்கம் விடுபட்டது, முழுக்கதவும் கையோடு வந்துவிட்டது. எங்கள் மூவரில் அதிகம் திகைத்தது அண்ணிதான். இழுத்து உடைப்பதற்காகத்தான் தூக்கினாராம்.

“நாமளே செய்யலாம் குமாரி,” என்றார். “சீக்கிரம் முடிக்கலாம்.”

அண்ணிக்கு எதற்கு இவ்வளவு அவசரம்? எனக்கல்லவா அவசரம்!

20 மார்ச்

கழற்றிய கதவுகளெல்லாம் முற்றத்தில் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. பிள்ளைகளை அவற்றைத் தாண்டி வரச் சொல்கிறேன். கீழ்ச் சட்டத்தில் கதவு ஓடுகிற பள்ளம் தேய்ந்து அகன்று ஓடை மாதிரி ஆகிவிட்டது. அதனால்தான் கதவு விழுகிறது. நகராத கதவுகளின் பள்ளத்தில் பழைய மெழுகும் கரப்பான்பூச்சி முட்டையும் சேர்ந்து கல்லாகிவிட்டது. அண்ணி கொண்டை ஊசியால் சுரண்டுகிறார். நான் ஜியாமிதிப் பெட்டிக் கவராயத்தால். இவர் நாற்காலி போட்டு மேற்பார்வை.

27 மார்ச்

உரிந்த மேல்தோலைப் பசை தடவி ஒட்டினோம். காயும்வரை கனமான ஏதாவது ஏற்றி வைக்க வேண்டும் என்று அமீர் அலி சொல்லியிருந்தார். அம்மிக்கல் போதவில்லை. அண்ணி கதவைத் தரையில் போட்டு, மேலே பாயை விரித்து, தானே உட்கார்ந்துவிட்டார். ஒரு கதவுக்கு ஒரு முழு ஜெபமாலை, ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி. வெளியில் இருந்து பார்த்த டோ கின் மியா, இது கிறிஸ்தவர்களின் விரதம் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

கதவு கண்ணாடி மாதிரி ஒட்டியிருக்கிறது.

10 ஏப்ரல்

தேய்ந்த சட்டங்களைக் கழற்றிவிட்டு அலுமினியப் பள்ளச் சட்டம் அடித்தோம். ஆணியை நான் பிடிக்க, அண்ணி அடித்தார். என் கட்டைவிரல் நீலம். “மன்னிச்சுக்க” என்றார். நாலு மாதத்தில் முதல் தடவை!

கோயிலில் மிச்சமாகும் மெழுகுத் துண்டுகளைச் சாமியாரிடம் கேட்டு வாங்கி வந்து பள்ளத்தில் தேய்க்கிறார். கதவு இப்போது ஒரு விரலுக்கு ஓடுகிறது. சும்மாவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம், இரண்டு கிழவிகளும்.

15 ஏப்ரல்

திஞ்ஜான், தண்ணீர்த் திருவிழா. தெருப் பையன்கள் சன்னல் வழியாக வாளித் தண்ணீரை வீசிவிட்டார்கள். காயாத வார்னிஷ் மேல். அண்ணி இழைப்புளியோடு தெருமுனை வரை துரத்தினார்.

மூட்டுவலி எங்கே?

8 மே

இன்று ஒரு விசித்திரம். அண்ணி கட்டில் தலைமாட்டில் ஒரு தட்டு அடிக்கச் சொன்னார். “புத்தகம் வைக்க இந்த உயரம் சரியா குமாரி? கை எட்டுதா?” என் கையை எட்டச் சொல்லிப் பார்த்தார். அவருடைய ஜெபப் புத்தகத்துக்கு என் கை எதற்கு எட்ட வேண்டும்?

நான் பதிலுக்கு, குனிய வேண்டாதபடி கீழ் அலமாரியை இடுப்பு உயரத்துக்குத் தூக்கலாம் என்றேன். “உனக்கா மூட்டுவலி?” என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிறகு வேலையைப் பார்த்தோம்.

22 மே

நடுத் தடுப்புக் கதவையும் மாட்டியாயிற்று. புதுத் தேக்குச் சட்டம், மயிரிழை இடைவெளி இல்லை. மேற்பார்வை பார்த்தவர், “நம்ம வேலை பிரமாதம்” என்றார்.

எப்போது சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டேன். “பார்க்கலாம், பார்க்கலாம்.”

3 ஜூன்

மழை. மழை. மழை.

12 ஜூன்

திரைச்சீலைக் கம்பி வாங்க அமீர் அலியின் கடைக்குப் போனேன். அவர் நல்ல மனிதர், வாய்தான் நிற்காது. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, டீச்சரைக் கூப்பிடுகிற பர்மிய மரியாதையோடு கேட்டார்:

“சயாமா, உங்க டியூஷன் ரூம் எப்ப திறப்பு விழா?”

“எந்த டியூஷன் ரூம்?”

“அந்தத் தகர வீடுதான். அண்ணன் வாங்கும்போதே சொன்னாரே, ரத்தினம்மா அக்காகிட்டயும் சொல்லிட்டேன்னு. ‘குமாரி பிள்ளைங்களோட அங்க போயிடுவா, ராத்திரி படுக்கையும் அங்கதான், வீட்ல உங்களுக்கு நிம்மதி’ன்னு…”

டீயைக் கீழே வைத்தேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று புரிந்துபோய், எனக்குக் கம்பியோடு ஒரு பூட்டும் இலவசமாகக் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது நினைக்க நினைக்க எரிந்தது. என்னை வெளியேத்தவா அந்தம்மா ஜெபமாலை சொல்லிச் சொல்லிக் கதவு மேல உக்காந்துச்சு? என்னைத் துரத்தவா மெழுகு தேச்சுச்சு? புத்தகத் தட்டு! கை எட்டுதான்னு வேற கேள்வி!

வீட்டுக்கு வந்தால் அண்ணி அலமாரிக் கதவைத் துடைத்துக்கொண்டு ஞானப்பாட்டு முணுமுணுக்கிறார். கத்தப் போனேன். அப்போதுதான் உறைத்தது. நான் மட்டும் என்ன கிழித்தேன்? நானும் அதேதான்.

கத்தவில்லை. இவரோடும் பேசவில்லை. இவர் அதைக் கவனிக்கவில்லை.

26 ஜூன்

என் வாழ்நாளில் இப்படி ஒரு சனிக்கிழமை வந்ததில்லை. நிதானமாக எழுதுகிறேன்.

மத்தியானம் பேய்மழை. கூரை ஒழுகுகிறதா என்று பார்க்கத் தகர வீட்டுக்குள் போனோம், நானும் அண்ணியும். படுக்கைப் பக்கம் போனதும், சாரல் அடிக்கிறதே என்று தடுப்புக் கதவை இழுத்து மூடினேன். மூடியது. திறக்கவில்லை. மயிரிழை இடைவெளி இல்லாமல் மாட்டினோமே, மழை ஈரத்தில் தேக்குச் சட்டம் ஊறி உப்பிவிட்டது. இரண்டு பேரும் தூக்கினோம், இழுத்தோம், உதைத்தோம். சன்னலில் என் தலை நுழைந்தது. அண்ணிக்கு அதுவும் நுழையவில்லை. கத்தினோம். தகரத்தின் மேல் விழுகிற மழையில் எங்களுக்கே எங்கள் குரல் கேட்கவில்லை.

ஆளுக்கொரு கட்டிலில் எதிரெதிராக உட்கார்ந்தோம். முழங்காலும் முழங்காலும் இடித்தன.

“பரவாயில்ல,” என்றார் அண்ணி. “உனக்குத்தான் நல்லா வசதியா இருக்கும் இந்த இடம்.”

அவ்வளவுதான். என்னால் அடக்க முடியவில்லை.

“அண்ணி, இது எனக்கில்ல. உங்களுக்கு. உங்களை இங்க அனுப்பத்தான் இவர் வாங்கினார். எங்கிட்ட அப்படித்தான் சொன்னார்.”

அவர் முகம் மாறியது. கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. கட்டில் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டார்.

“எனக்கா?” என்றார். “மாவ்பியிலயும் இப்படித்தான். என் வீட்டுக்காரர் செத்ததுக்கு அப்புறம் அவர் தம்பிங்க வீட்டை வித்தாங்க. எங்கிட்ட யாரும் சொல்லல. ஒரு நாள் மார்க்கெட்ல இருந்து வரேன், என் சட்டி பானையெல்லாம் வாசல்ல. அதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிஞ்சுது. இங்கயும் என்னைக் கேக்காம…”

எனக்கு இது தெரியாது. இவருக்கும் தெரியாது. வீட்டை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

அவர் கையைப் பிடித்தேன். வேறென்ன செய்வது? கை முழுக்க வார்னிஷ் கறை. என் கையிலும்தான்.

“நீங்களும் என்னைத் துரத்தத்தானே இவ்வளவு வேலை செஞ்சீங்க?” என்றேன்.

“ஆமா,” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “உன் பிள்ளைங்க சத்தம் தாங்கல. ஆனா உனக்கு ஒரு குறை இருக்கக்கூடாதுன்னுதான் ஒவ்வொண்ணும் பார்த்துப் பார்த்துச் செஞ்சேன்.”

“நானும்தான். உங்க முட்டிக்காகத்தான் அலமாரியைத் தூக்கச் சொன்னேன்.”

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. கட்டில் குலுங்கியது. சிரித்து ஓய்ந்தபோது மழையும் விட்டிருந்தது. சன்னலுக்கு வெளியே குடையோடு இவர் நின்றார்.

“ரெண்டு பேரும் உள்ள என்ன பண்றீங்க? டீ போடலையா?”

அண்ணி சன்னலுக்கு வாயைக் கொண்டுபோனார். “அமிர்தம், ஒண்ணு கேக்கறேன், நேரா பதில் சொல்லு. இந்த வீடு யாருக்கு?”

குடை ஆடியது. இவர் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முப்பது வருஷத் துறைமுக ஆபீஸ் அனுபவத்தையெல்லாம் திரட்டினார்.

“ரெண்டு பேருக்கும்தான்!” என்றார்.

“அப்ப சரி,” என்றார் அண்ணி.

அதன் பிறகு இவர் சமையல் பக்கம் ஏறி, கடப்பாரை போட்டுக் கதவை நெம்பினார். கதவு ஒரேயடியாகக் கழன்று, இவரையும் கூட்டிக்கொண்டு விழுந்தது. அடி ஒன்றும் இல்லை. கதவுக்கு.

27 ஜூன்

பூசை முடிந்து வந்ததும் அண்ணியின் டிரங்குப் பெட்டியை நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். பிறகு என் சேலைகள். இவர் வாசலில் வழி விட்டு நின்றார்.

“நான் எங்க படுக்கறது?” என்று கேட்டார்.

“வீடு முழுக்க உங்களுக்குத்தான்,” என்றேன்.

18 ஜூலை

தடுப்புக் கதவை இரண்டு நூல் அளவு இழைத்துவிட்டோம். இப்போது மழையிலும் ஓடுகிறது. அடுப்படி வேலை முடிவாகிவிட்டது: உப்பு அண்ணி மட்டும் போடுவார். டியூஷன் எப்போதும் போல வீட்டுக் கூடத்தில். அங்கே குடியிருப்பவர்தான் இப்போது நதிகளைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நேற்று ஒரு பையன் தடுமாறியபோது உள்ளறையிலிருந்து “சின்ட்வின் ஆறு!” என்று பதில் வந்தது.

8 ஆகஸ்ட்

அண்ணி குறட்டை விடுகிறார். நானும் விடுகிறேனாம். பொய்.

12 செப்டம்பர்

விடிந்ததும் யாரோ தகரத்தைத் தட்டினார்கள். அலமாரிக் கதவை நகர்த்திக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இவர். ஒரு தட்டில் மூன்று கப் டீ. கையில் குடை இல்லை, தூறலில் நனைந்தபடி நிற்கிறார். கல்யாணம் ஆனதிலிருந்து இவர் அடுப்புப் பற்ற வைத்து நான் பார்த்ததில்லை.

“உள்ள வரலாமா?” என்று கேட்டார்.

“காலைத் துடைச்சிட்டு வா,” என்றார் அண்ணி.

துடைத்துக்கொண்டு வந்தார். எங்கே உட்காருவது என்று தெரியாமல் தலை கூரையில் இடிக்க நின்றார். பிறகு சொன்னார், யாரையும் பார்க்காமல்: “ராத்திரியில வீடு ரொம்ப அமைதியா இருக்கு.”

அண்ணி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். நானும் கொஞ்சம் நகர்ந்து என் பக்கம் இடம் விட்டேன். இவர் இரண்டு இடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நடுவில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

டீயில் சர்க்கரை போடவில்லை. மூன்று பேரும் குடித்து முடித்தோம்.