வெள்ளை மேசைவிரிப்பில் லக்சா

பாசிர் கூடாங்,
ஞாயிறு, பூசைக்குப் பிறகு

அன்பு மகள் அபிகெயிலுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே அப்பா, நான், தம்பி மூவரும் சுகமாக இருக்கிறோம். நீயும் டெக்லனும் அயர்லாந்துக் குளிரிலும் மழையிலும் சளி, காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று ஜெபமாலை சொல்லும்போதெல்லாம் உங்கள் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்கிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, இந்த அம்மாவுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் பேசும்போது அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவர் காதுபட இதையெல்லாம் சொல்ல முடியாது. வாட்சாப்பில் எழுதலாம் என்றால் அந்தச் சின்ன எழுத்துகள் என் விரலுக்கு அடங்குவதில்லை, பாதி வாக்கியத்திலேயே அனுப்பிவிடுகிறேன். உன் தோழி சாந்தினி விடுமுறை முடிந்து இந்த வாரம் அங்கே திரும்புகிறாள் என்று அவள் அம்மா கோயிலில் சொன்னார். அவள் கையில் கொடுத்தனுப்பலாம் என்று, அப்பா தூங்குகிற நேரம் பார்த்து சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தம்பி கேப்ரியல் வழக்கம்போல இருட்டோடு எழுந்து மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான், மழைநாளில் பாலத்தில் ஜாம் என்றால் அவன் வாசலுக்கு வரும்வரை எனக்கு எதுவும் இறங்காது. காற்று திரும்பினால் ஃபேக்டரி வாடை வீட்டுக்குள் வருகிறது, ஜன்னலைச் சாத்தி வைக்கிறேன். மற்றபடி குறை ஒன்றும் இல்லை.

எங்கள் கல்யாண நாளுக்கு ஜொகூர் பாருவில் அந்தப் பெரிய ரெஸ்டாரண்டில் நீ மேசை பதிவு செய்து கொடுத்தாயே, எப்படி இருந்தது என்று கேட்டபோது ரொம்ப நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிப் படங்களை அனுப்பினேன். படத்தில் தெரியாததை இப்போது எழுதுகிறேன். அதற்கு முன்னால் நீ அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து நீ ஓடி வந்திருந்தபோது அவர் ஆஸ்பத்திரியில் கஞ்சிதான் குடித்துக்கொண்டிருந்தார். நீ திரும்பிப் போன பிறகு நடை வந்தது, பேச்சும் தெளிந்தது, உனக்கும் நல்ல செய்தியாகவே சொல்லி வந்தோம். ஆனால் வலது கை விரல்கள் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கரண்டியைப் பிடித்தால் நழுவுகிறது, கையால் பிசைந்து எடுத்தால் வாய்க்குப் போவதற்குள் பாதி சிந்துகிறது, வாயின் ஒரு ஓரம் தொங்கி நிற்பதால் குழம்பு வழிகிறது. வீட்டில் கேப்ரியல் சாப்பிட்டு மாடிக்குப் போன பிறகுதான் தட்டை எடுப்பார், அதுவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு. யாராவது வாசலில் கூப்பிட்டால் தட்டின் மேல் பேப்பரைப் போட்டு மூடிவிடுவார். கோயிலில் சாப்பாடு என்றால் எனக்கு புங்குஸ் பண்ணி வாங்கிக்கோ என்று பொட்டலம் கட்டச் சொல்லிவிட்டு வெளியே போய் நிற்பார். செல்லப்பன் மாமா மகன் கல்யாணத்தில் விருந்து முடியும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலத்தில் நான் கட்டிக்கொடுக்கும் சோற்றை கேண்டீனில் திறந்துவைத்து நாலு பேரைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து மறுபடியும் பசிக்குது என்பாரே, அதே மனிதர்தான்.

இப்போது நீ மனம் வருந்திய விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்யாணம் அங்கேதான் என்று நீ போனில் சொன்ன அன்று அப்பா, “அம்மா வருவா, என்னால முடியாதும்மா” என்று சொல்லி போனை என்னிடம் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு டெக்லனைப் பிடிக்கவில்லையா, வெள்ளைக்காரன் என்று கோபமா என்று நீ கேப்ரியலிடம் அழுதாயாம், அவன் எனக்குச் சொல்லிவிட்டான். அப்படி எதுவும் இல்லையடி கண்ணு. மறுநாள் காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அங்க எல்லாரும் கத்தி, முள்கரண்டிதான், ராணி. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க முன்னாடி நான் சிந்திக்கிட்டு ஒழுகிக்கிட்டு உக்காந்திருந்தா பிள்ளைக்குத்தானே அசிங்கம்? அவ நல்ல நாள்ல என்னைப் பாத்து யாரும் பாவப்படக் கூடாது.” உன்னிடம் சொல்லக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். இத்தனை நாள் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன் என்றால் காரணம் இருக்கிறது, மேலே படி.

நீ பதிவு செய்த செய்தியைச் சொன்னதும், “நீயும் கேப்ரியலும் போய்ட்டு வாங்க” என்று என்னிடம் சொன்னார் அப்பா. நான் வற்புறுத்தவில்லை. தம்பிதான் அந்த ரெஸ்டாரண்டின் படத்தை போனில் பெரிதாக்கிக் காட்டினான். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார், பிறகு இது அந்த வீடுதானே ராணி என்று என்னைக் கேட்டார். அந்த வீட்டைத்தான் இப்போது ரெஸ்டாரண்ட் ஆக்கியிருக்கிறார்கள் அபி. உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ, லிடோ கடற்கரைக்கு எதிரே மேட்டில் ஓடு வேய்ந்த பெரிய பங்களா ஒன்று இருக்கும், யாரோ பெரிய அதிகாரி வீடு என்பார்கள். நான் செனாய் ஃபேக்டரியில் வேலை செய்த காலம், உன் அப்பா அப்போதுதான் துறைமுகத்தில் சேர்ந்திருந்தார், நிச்சயம் மட்டும் முடிந்திருந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் என் அண்ணனையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அந்தக் கடற்கரைக்குப் போவோம். கடைவரிசையில் குச்சியில் சுட்ட சாத்தே வாங்கிக்கொண்டு கல்சுவரில் உட்கார்ந்தால் எதிரே சிங்கப்பூர் விளக்கு, பின்னால் அந்த வீட்டு விளக்கு. இன்னிக்கு அந்த வீட்ல என்ன சாப்பாடு, சொல்லு பாப்போம் என்பார். முழுக் கோழி என்பேன் நான், இல்லை, பெரிய மனுஷங்க சூப்பை மட்டும் குடிச்சிட்டு எந்திரிச்சிடுவாங்க என்பார் அவர். அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். கல்யாணம் ஆகி நீ பிறந்த பிறகும் அந்த விளையாட்டு நிற்கவில்லை. அப்பா தோள்மேல் உட்கார்ந்துகொண்டு எப்போது கேட்டாலும் நீ ஐஸ்கிரீம் என்றே சொல்வாய், அவரும் ஆமாம், நானும் பாத்தேன் என்று ஒத்து ஊதுவார். அந்த நாட்களில் நாங்கள் எதையும் பெரிதாக ஆசைப்பட்டதில்லை, ஆனால் அந்தக் கேட்டுக்குள் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று இருவருக்குமே இருந்தது. அதனால்தான் படத்தைப் பார்த்ததும், உள்ள போய்ப் பாத்துட்டு வரலாம், ஆனா நான் சாப்பிட மாட்டேன், பால் போடாத தே ஓ மட்டும் குடிக்கிறேன் என்றார். அது போதும் எனக்கு என்று கிளம்பினேன்.

நீ எடுத்துக்கொடுத்த நீல பாத்திக் சட்டையைப் போட்டுக்கொண்டார், பட்டன் மட்டும் நான் போட்டுவிட்டேன். வெயில் தாழும் நேரத்துக்கு கேப்ரியல் எங்களை வாசலில் இறக்கிவிட்டுப் போனான். உள்ளே போனால் உயரமான கூரை, மெதுவாகச் சுற்றும் காற்றாடி, முகம் தெரியும் அளவுக்குத் துடைத்த பலகைத் தரை, எல்லா மேசையிலும் வெள்ளை விரிப்பு. கெபாயா போட்ட மலாய்ப் பெண் ஒருத்தி நாற்காலியை இழுத்துக்கொடுத்தாள். தட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கத்தியும் கரண்டியுமாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்ததும் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. வலது கையை மடியில் வைத்து துணியால் மூடிக்கொண்டார். எங்கள் மேசை ஜன்னலோரம். நாங்கள் உட்கார்ந்த கல்சுவர் எங்கே என்று தேடினேன், அந்த இடத்தை எல்லாம் மண் கொட்டி நிரப்பி உயரமான கட்டடங்கள் எழுப்பிவிட்டார்கள். நாம உக்காந்த இடம் இப்ப கடலும் இல்ல கரையும் இல்ல என்றார் அப்பா. நான் அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். முதலில் ஒத்தாக் ஒத்தாக் வந்தது, வாழையிலையில் சுட்ட மீன், பெரிய தட்டின் நடுவில் நகை வைத்தாற்போல் இத்தனூண்டு. அலமாக், இதுக்கா இவ்ளோ பெரிய தட்டு என்று அவர் சொல்லவும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தொடவில்லை. நான் அவருடையதையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

அடுத்து இருவருக்கும் லக்சா ஜொகூர் வந்தது. முன்பு நம் பக்கத்து வீட்டு சல்மா அக்கா ஒவ்வொரு ஹரி ராயா பெருநாளுக்கும் கொடுத்தனுப்புவாரே, ஸ்பெகட்டியில் செய்து மீன் குழம்பை கெட்டியாக ஊற்றி, வெள்ளரிக்காயும் கெசும் இலையும் தூவி, அதேதான். அந்த வாசனைக்கே அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சல்மா அக்கா வீட்டுச் சட்டியை அவர் வழித்து வழித்துச் சாப்பிடுவதும் நீ பங்கு கேட்டுச் சண்டை போடுவதும் என் கண்முன் வந்தது. ஆனால் கை மடியிலேயே இருந்தது. அந்தப் பெண் வந்து நல்லா இல்லையா அங்கிள் என்று மலாயில் கேட்டாள், வயிறு நிறைஞ்சிருக்கு என்றார். பக்கத்து மேசையில் எங்கள் வயதுக்கு மலாய்க் கணவன் மனைவி, அந்தம்மா கைநிறைய வளையல், பட்டு உடை, பார்த்தாலே பெரிய இடம் என்று தெரியும். அவர்களுக்கும் அதே லக்சா. அந்தம்மா கரண்டியை ஒதுக்கிவைத்துவிட்டு தண்ணீர் கேட்டு வாங்கிக் கை கழுவி, விரலாலேயே சுருட்டி வாயில் போட்டுக்கொண்டார். அப்பா பார்ப்பதைக் கவனித்து, லக்சா ஜொகூரை முள்கரண்டியால் சாப்பிட்டால் எங்கள் வீட்டில் திட்டு விழும், கையால் சாப்பிடுவதுதான் இதன் முறை என்று மலாயில் சொல்லிச் சிரித்துவிட்டு, கணவரிடம் ஏதோ பேசத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான்.

அப்பா துணியை விலக்கி வலது கையை மேசைமேல் எடுத்து வைத்தார். அந்தப் பெண் தண்ணீர்க் கெண்டியைக் கொண்டுவந்தாள், நானே வாங்கி அவர் கைக்கு ஊற்றினேன். முதல் வாய் அப்படியே விரிப்பில் விழுந்தது, வெள்ளைத் துணியில் மஞ்சளாகப் படர்ந்தது. டிஷ்யூவை எடுத்துக்கொண்டு நான் எழப்போனேன், விடு ராணி என்றார். இரண்டாவது வாயில் பாதி உள்ளே போனது, பாதி தாடையில் நின்றது. இடது கையால் துடைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை. அந்தம்மா விரலைச் சூப்பிக்கொண்டே பேரன் பள்ளிக்கூடக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அப்பா நிமிரவே இல்லை. மெதுவாக, சிந்திச் சிந்தி, தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார். வெளியே வெளிச்சம் மங்கி சிங்கப்பூர் பக்கம் விளக்கு ஏறிவிட்டது. அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் லக்சா ஆறிப்போனது. பிறகு என்ன செய்தார் தெரியுமா, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, இன்னும் கொஞ்சம் தம்பா கிடைக்குமா என்றார்! அவ்வளவு பெரிய இடத்தில் சோற்றுக்கடை மாதிரி மறுசோறு கேட்கிறாரே என்று எனக்கு வெட்கம், அவளோ மகிழ்ச்சியோடு ஓடிப்போய் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்தாள். நான் கை கழுவுவதுபோல் எழுந்து போய் அங்கிருந்த கண்ணாடி முன்னால் நின்று நன்றாக அழுதுவிட்டு வந்தேன்.

திரும்பும்போது காரில் கேப்ரியல் எப்படிப்பா இருந்துச்சி என்று கேட்டான். நல்லா இருந்துச்சி லா என்றார். பெர்மாஸ் பாலம் தாண்டியதும் திடீரென்று, “ஏண்டா, அந்த டெக்லன் வீட்டுல கையால சாப்பிட்டா ஏதாச்சும் நெனப்பாங்களா?” என்றார். தம்பி ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “நெனச்சா நெனச்சிட்டுப் போறாங்க. நீங்க சாப்பிடுங்கப்பா” என்றான். “அப்ப என் பாஸ்போர்ட்ட புதுசு பண்ணணும். அது எப்பவோ செத்துப்போச்சி” என்றார் அப்பா. பின் சீட்டில் நான் சிலுவை போட்டுக்கொண்டேன். இப்போது வீட்டில் எங்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். சிந்துகிறது, துடைக்கிறோம். நேற்று பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போனோம், வாய் ஒரு பக்கம் இழுத்தபடி விழுந்திருந்தது, கடைக்காரர் இன்னொன்று எடுக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், இப்ப இதுதான் என் மூஞ்சி என்று வாங்கிக்கொண்டார்.

டெக்லன் அம்மாவிடம் அப்பாவுக்கு என்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல், நறுக்கிக் கொடுப்பது, ஊட்ட வருவது, பாவமாகப் பார்ப்பது எதுவும் அவருக்கு ஆகாது. கை கழுவ இடமும் ஒரு துணியும் இருந்தால் போதும். நீ நைட் ஷிஃப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, கல்யாண உடைக்கு உள்ளே கம்பளி ஏதாவது போட்டுக்கொள், அழகு கெட்டுப்போகும் என்று விறைத்து நிற்காதே. தாயின் அன்பும் தகப்பனின் ஆசியும் உங்கள் இருவரோடும் எப்போதும் இருக்கும், மாதா உங்களைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாளாக.

ஒன்றை மறந்துவிடாதே. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் கல்யாணத்துக்கு வருவதைத் தானே உன்னிடம் சொல்ல வேண்டும் என்று அப்பா காத்திருக்கிறார், நான் குளிக்கப் போனால் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகுகிறார், எனக்குக் கேட்கிறது. அதுவரை நீயாக எதையும் கேட்காதே. அவர் சொல்லும்போது முதல் தடவை கேட்பதுபோல் கேட்டு, சின்ன வயதில் கத்துவாயே, அப்படி ஒரு கத்து கத்து. பக்கத்தில் நைட் ஷிஃப்ட்காரர்கள் தூங்கினாலும் பரவாயில்லை.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா,
இன்பராணி ரேமண்ட்