கூடைப்பந்து வளையத்தின் கீழிருந்து என் அப்பாவை வீட்டுக்கு அனுப்பக் கோரி

அனுப்புநர்
ஃப்ளோர்டெலிசா மங்குபாட் (வயது பதினாறு),
காலஞ்சென்ற நெஸ்டர் மங்குபாட்டின் மகள்,
ரயில் பாதைத் தெரு, இலாங்பாட்டிஸ் பராங்கை (ஊராட்சி),
லகூனா மாகாணம்.

பெறுநர்
மாண்புமிகு வென்சஸ்லாவோ டிமாயுகா அவர்கள்,
பராங்கைத் தலைவர்,
இலாங்பாட்டிஸ்.

பொருள்: என் தந்தையின் சவப்பெட்டியைப் பராங்கைக் கூடைப்பந்து அரங்கிலிருந்து எங்கள் வீட்டுக்கு மாற்றவும், நாளை மாலை அறிவிக்கப்பட்டுள்ள 'நட்சத்திர அஞ்சலி' நிகழ்ச்சியை ரத்து செய்யவும், அவர் பக்கத்தில் நான் மகளாக மட்டும் உட்கார அனுமதிக்கவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

மேலே கண்ட பெயர் யாருடையது என்று தாங்கள் யோசிக்கக்கூடும். வார நாட்களில் இரவுத் தொடரில் வரும் கியா சாண்டோவால் நான்தான். கியா என்பது கம்பெனி வைத்த பெயர். ஃப்ளோர்டெலிசா என்று எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது தாங்களே ஞானத்தந்தையாக மெழுகுவர்த்தி பிடித்து நின்றதாக அப்பா சொல்லியிருக்கிறார். ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குத் தாங்கள்தான் ஞானத்தந்தை என்பதால், நினைவில் இல்லாவிட்டால் அது குற்றமில்லை. வீட்டில் என்னை பிங் என்று கூப்பிடுவார்கள். கீழ்க்காணும் விவரங்களைத் தங்கள் மேலான பார்வைக்கு வைக்கிறேன்.

1. என் தந்தை முச்சக்கர வண்டி ஓட்டுநர். கடந்த திங்கட்கிழமை காலை சந்தை வாசல் நிறுத்தத்தில், தன் முறைக்காக வண்டியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். முறை வந்தும் அவர் வண்டியை எடுக்காததால், தூங்கிவிட்டார் என்று நினைத்துப் பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். நான் நகரத்தில் படப்பிடிப்பில் இருந்தேன். காட்சி முடிந்த பிறகுதான் எனக்குத் தகவல் சொன்னார்கள். காட்சி நன்றாக வந்திருப்பதாகவும் சொன்னார்கள். நான் நன்றி என்றேன்.

2. அன்று மாலை பெட்டி எங்கள் வீட்டு முன்னறையில் வைக்கப்பட்டது. அப்பாவின் அக்கா, என் அத்தை ஒபெலியா, நாற்காலிகள் இரவல் வாங்கிப் போட்டு, இஞ்சி போட்ட கோழிக் கஞ்சி காய்ச்சி, எல்லாவற்றையும் முறைப்படி செய்திருந்தார். பிறகு என் வேன் வந்தது. தெருவில் கூட்டம் நெரிந்து, ஒரு வீட்டு வேலியும் சில பூந்தொட்டிகளும் போயின. மறுநாள் காலை, பொதுமக்கள் பாதுகாப்பு கருதி, பெட்டியைக் கூரை போட்ட கூடைப்பந்து அரங்குக்கு மாற்றத் தாங்கள் உத்தரவிட்டீர்கள். தங்கள் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இப்போது என் அப்பா கிழக்குப் பக்கத்து வளையத்துக்கு நேர் கீழே படுத்திருக்கிறார். போன வார ஆட்டத்தின் புள்ளிகளைப் பலகையிலிருந்து இன்னும் யாரும் அழிக்கவில்லை. நம் ஊர் தோற்ற ஆட்டம் அது. பெட்டி மூடியின் கண்ணாடி வழியாக அவர் முகத்தைக் குனிந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பலகையின் நிழலும் தெரிகிறது.

3. அரங்க வாசலில் ஒரு பதாகை கட்டப்பட்டுள்ளது. "இலாங்பாட்டிஸின் செல்ல மகளே, வருக!" என்று அதில் இருக்கிறது. இடது பக்கம் தங்கள் படம், வலது பக்கம் என் படம். இரண்டு பேரும் சிரிக்கிறோம். என் படம் ஷாம்பு விளம்பரத்திலிருந்து எடுத்தது. இறந்தவரின் படம் கீழ் மூலையில், எரிவாயுக் கடை விளம்பரத்துக்கு மேலே, ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் அளவுக்கு இருக்கிறது. தேர்தல் நெருங்குவதால் பதாகையில் தங்கள் முகம் தேவைப்படலாம். அதை நான் ஆட்சேபிக்கவில்லை. துக்க வீட்டு வாசலில் நான் சிரித்துக்கொண்டிருப்பதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

4. பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியில் நான் உட்கார வைக்கப்பட்டிருக்கிறேன். கயிறு கட்டி, வரிசை அமைத்து, எண் எழுதிய சீட்டு கொடுக்கிறார்கள். சீட்டு உள்ளவர்கள் ஒவ்வொருவராக வந்து, பெட்டியைப் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டு, என்னோடு படம் எடுத்துக்கொள்கிறார்கள். சிலுவை போட மறந்தவர்களும் உண்டு. பக்கத்து மாகாணத்திலிருந்து பஸ் பிடித்து வந்த பெண்கள் எனக்குப் பொம்மை கொண்டுவந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். நான் அவளைச் சமாதானப்படுத்தினேன். சாவுக்குப் போய்விட்டு நேரே வீடு திரும்பக் கூடாது என்பதால், திரும்பிப் போகிறவர்கள் எல்லோரும் எதிரே இருக்கும் தங்கள் மனைவியாரின் கடையில் நின்று ஏதாவது குடித்துவிட்டுத்தான் போகிறார்கள். வியாபாரம் நன்றாக நடப்பதாகக் கேள்விப்பட்டேன்.

5. இந்த ஏற்பாட்டினால் நான் ஒரு தவறும் செய்துவிட்டேன். எட்டு வயதிலிருந்து எனக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது ஒன்றுதான்: வந்தவர்களுக்கு நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்ல வேண்டும், வாசல் வரை போய்க் கையசைத்து அனுப்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை முழுவதும் அதையே செய்தேன். பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ வாசலுக்குப் போகும்போது அத்தை ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார்.

"அடியே பிங், சாவுக்கு வந்தவங்களுக்கு நன்றி சொல்லக் கூடாது, வழியனுப்பவும் கூடாது. அவங்க பின்னாடியே இன்னொரு சாவு கிளம்பிடும்டி. ஒங்கப்பன் ஒனக்கு இதக்கூடவா சொல்லித் தரல?"

அப்பா சொல்லித்தந்திருப்பார். அதற்கான நாட்களில் நான் இங்கே இல்லை. அன்று நான் வழியனுப்பியவர்களை நினைத்தால் பயமாக இருக்க வேண்டும். எனக்குப் பயமும் வரவில்லை.

6. இந்த மனுவின் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நான் இன்னும் அழவில்லை.

தொடரில் நான் அழுவதற்குப் பெயர் போனவள். கிளிசரின் தேவையில்லை. இடது கண்ணில் முதலில் வர வேண்டும் என்றால் இடது கண்ணிலேயே வரும். வரிசையில் நிற்பவர்கள் அதற்காகத்தான் கைப்பேசியை இறக்காமல் வைத்திருக்கிறார்கள். நேற்று ஒரு பெண்மணி, எனக்குக் கேட்கிறது என்று தெரிந்தோ தெரியாமலோ, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "டிவியில யார் யாருக்கோ அந்த அழுகை அழுறா. பெத்த அப்பனுக்கு ஒரு சொட்டு வருதா பாரு." அதற்கு அந்த இன்னொருவர், "அழுதா மட்டும் நம்பிடுவியா? அதுவும் நடிப்புன்னுதான் சொல்லுவ" என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரி. அதனால் நான் யார் மீதும் கோபப்படவில்லை. உடம்பு முழுவதும் பல் டாக்டர் ஊசி போட்டது போல இருக்கிறது.

அத்தையின் மகள் ரோவேனாவுக்கும் என் வயதுதான். அவள் அரங்கத்தின் பின்பக்கம் காப்பிக் கோப்பைகள் கழுவுகிறாள். அழுகை வந்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் அழுதுவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு வந்து, மறுபடி கழுவுகிறாள். அவளை யாரும் பார்ப்பதில்லை. என் அப்பாவுக்காக அவள் நாலைந்து தடவை அழுதுவிட்டாள். எனக்கு அவள் மீது பொறாமையாக இருக்கிறது. நானும் கழுவுகிறேன் என்று போனேன். அங்கிருந்த பெண்கள் எல்லோரும் எழுந்து நின்று, என் உடைக்கு ஆகாது என்று ஸ்பாஞ்சைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

7. நேற்றுப் பிற்பகல் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கழிவறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அப்பாவின் ஓட்டுநர் சட்டையைப் போட்டுக்கொண்டு, முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு வெளியே போனேன். அரங்கத்துக்கு வெளியே அரச மரத்தடியில் அப்பாவின் கூட்டாளிகள் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டு வழக்கப்படி பெட்டிக்குப் பக்கத்தில் விழித்திருந்து ஆட வேண்டியவர்கள். கயிற்றுக்குள் போக அவர்களிடம் எண் இல்லை. செத்தவனுக்குத் துணையாக இருக்க வந்தவர்கள் வரிசையில் நின்று சீட்டு வாங்குவதா என்று திரும்பிவிட்டார்களாம். அதற்காகக் கிளம்பிப் போகவும் இல்லை, முதல் நாளிலிருந்து அங்கேயே இருக்கிறார்கள். வண்டி நிறுத்தத்தில் அப்பாவுக்கு அடுத்த முறைக்காரரான தாஸ்யோ மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆச்சரியப்படவில்லை, எழுந்து நிற்கவும் இல்லை.

"உக்காரு பிங். ஒங்கப்பன் எடம் காலியாத்தான் இருக்கு."

உட்கார்ந்தேன். எனக்கும் சீட்டுப் போட்டார்கள். தர்பூசணி விதைப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்கள். அப்பா தோற்கும்போது சீட்டை நெற்றியில் ஒட்டிக்கொள்வாராம். வண்டியில் ஏறுகிறவர்களிடம் என்னைத் தன் மகள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதால் சொல்வதையே விட்டுவிட்டாராம். "அப்புறம் யாராவது ஒன் படம் போட்ட பனியன் போட்டுக்கிட்டு ஏறினா காசு வாங்க மாட்டான், லூசுப்பய" என்றார் தாஸ்யோ மாமா. அப்போது என் தொண்டைக்குள் ஏதோ அசைந்தது. திங்கட்கிழமையிலிருந்து முதல் தடவை. அந்த நேரத்தில் பராங்கைக் காவலர் இருவர் வந்து, மிகுந்த மரியாதையுடன், "மேடம், வரிசை நிக்குது" என்றார்கள். மரத்தடியில் கைப்பேசிகள் உயர்ந்தன. தொண்டையில் அசைந்தது மறுபடி கீழே போய்விட்டது. அவர்கள் கடமையைத்தான் செய்தார்கள். அவர்கள் மீது நடவடிக்கை வேண்டாம்.

8. நாளை மாலை, அடக்கத்துக்கு முந்தின மாலை, அரங்கில் மேடை போட்டு 'நட்சத்திர அஞ்சலி' நடக்கும் என்றும், தொடரில் எனக்கு ஜோடியாக நடிப்பவர் வந்து பாடுவார் என்றும், நான் பேசுவேன் என்றும் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். என்னிடம் கேட்கவில்லை. என் தொழில் விவகாரங்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம் கேட்டிருக்கிறீர்கள். அம்மா சம்மதித்திருக்கிறார். அவரும் அப்பாவும் பிரிந்து பல வருடம் ஆகிறது, அவருக்கும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை, வேனுக்குள்ளேயே இருக்கிறார். நான் வேண்டாம் என்றதற்கு, "ஒரு சாயங்காலம்தானே கண்ணு, சமாளிச்சிரு" என்றார். தங்களிடம் நேரில் கேட்டபோது தாங்கள் என் தலையில் கை வைத்து, "ஒங்கப்பனுக்கு இவ்ளோ கூட்டம் கனவுலகூட வந்திருக்காதும்மா" என்றீர்கள். உண்மைதான் ஐயா. அவருடைய வண்டியில் மூன்று பேருக்கு மேல் ஏற்ற மாட்டார். அதற்கு மேல் கூட்டம் அவருக்குப் பழக்கமில்லை.

9. நாளை மாலையே ஏன் வேண்டும், நகரத்துக்குத் திரும்பி நிதானமாக அழுதுகொள்ளலாமே என்று தாங்கள் கேட்கலாம். சனிக்கிழமை அடக்கம். திங்கட்கிழமை காலை எனக்குப் படப்பிடிப்பு. தொடரில் என் அப்பாவாக வருபவர் கதைப்படி இரண்டு மாதம் கழித்துத்தான் சாக வேண்டியவர். பார்க்கிறவர்கள் மனதில் எல்லாம் சூடாக இருக்கும்போதே எடுத்துவிடலாம் என்று கதையை மாற்றிவிட்டார்கள். என்னிடம் அன்பாகத்தான் சொன்னார்கள். பெட்டி, பூ, மெழுகுவர்த்தி எல்லாம் அங்கே தயாராக இருக்கும். இயக்குநர் கை காட்டியதும் நான் அழுதுவிடுவேன். எனக்கு நன்றாகத் தெரியும், அங்கே வந்துவிடும். என் அப்பாவுக்காக நான் முதல் தடவை அழுவது, மூக்குத் துவாரத்தில் பஞ்சு வைத்துக்கொண்டு மூச்சை அடக்கிப் படுத்திருக்கும் ஒரு நடிகருக்கு முன்னால் நடந்துவிடும். பிறகு அவர் எழுந்து காப்பி குடிக்கப் போவார். அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மனு.

ஆகவே, ஐயா அவர்கள் கருணை கூர்ந்து இன்றே பெட்டியை எங்கள் வீட்டு முன்னறைக்கு அனுப்ப உத்தரவிடுமாறும், பதாகை, கயிறு, சீட்டு முறை ஆகியவற்றை எடுத்துவிடுமாறும், நாளைய நிகழ்ச்சியை ரத்து செய்யுமாறும், தாஸ்யோ மாமாவையும் மற்ற ஓட்டுநர்களையும் உள்ளே வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் சீட்டாட விடுமாறும் பணிந்து வேண்டுகிறேன். இதற்கு ஈடாகத் தேர்தல் சமயத்தில் தாங்கள் சொல்லும் மேடையில், சொல்லும் உடையில், வந்து நின்று சிரித்துவிட்டுப் போகிறேன். அது எனக்குக் கஷ்டமில்லை.

நாளை மாலை நான் ரோவேனாவோடு கோப்பை கழுவுவேன். அழுகை வந்தால் பின்பக்கம் போவேன். வராமலும் போகலாம். அப்படி வராவிட்டால், அதை யாரும் பார்க்காமல் இருந்தால் போதும்.

இடம்: இலாங்பாட்டிஸ்
நாள்: மே 14, வியாழன், காலை

இப்படிக்கு,
தங்கள் ஞானமகள்,
ஃப்ளோர்டெலிசா மங்குபாட்

(மனுதாரர் பதினெட்டு வயது நிரம்பாதவர் என்பதால், குடும்பத்தின் சார்பில் சம்மதித்துக் கையெழுத்திடுபவர்: ஒபெலியா மங்குபாட், இறந்தவரின் அக்கா. ஐயா, பிள்ளை எழுதியது எல்லாம் நிஜம். பெட்டியைத் தூக்க ஆள் அனுப்ப வேண்டாம், ஓட்டுநர்களே தூக்கிக்கொள்கிறார்கள். வழியை மட்டும் விடச் சொல்லுங்கள்.)