சவுரிக் கம்பெனியின் கீரைப் பாத்தி

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அனல். சித்தூரிலிருந்து திருப்பதி வரை பஸ்ஸில் நின்றபடி. புடவைக்கு இஸ்திரி போட்டது தண்டம்.

ஆனால் இன்று வெயிலாவது ஒன்றாவது! கஸ்டம்ஸ் இன்ஸ்பெக்டர் ஆனபின் என் பெயரில் முதல் கேஸ். மொட்டைக் கடுதாசிப் புகார். புத்தூர் ரோட்டில் ஒரு சவுரிக் கம்பெனி (இங்கேயும் பெயர் வேண்டாம், ச.க. போதும்). டோப்பா என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பச்சை முடியை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களாம். கழுவி, வாரி, டோப்பாவாகச் செய்தால் அனுப்பலாம். வெட்டிய முடியை அப்படியே அனுப்ப லைசென்ஸ் வேண்டும். ச.க.விடம் கிடையாது.

மதியம் நானும் பிரசாத்தும் போனோம். அவனும் இன்ஸ்பெக்டர்தான், எனக்கு ஒரு வருடம் ஜூனியர். ஷெட்டில் ஆளே இல்லை. "லேபர் எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க மேடம். புதன்கிழமை வாங்க" என்றார் மேனேஜர். நான் பின்பக்கம் சுற்றினேன். மூட்டை மூட்டையாக முடி கழுவுகிற இடத்தில் சாக்கடை எப்படி இருக்கும்? நுரையும் சாயமுமாக ஓட வேண்டாமா? அதில் சிறுகீரைப் பாத்தி! வாட்ச்மேன் சம்சாரம் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இதுல தண்ணியே வராதும்மா. சும்மா கெடக்குதேன்னு வெதச்சி உட்டேன். ஒரு கட்டு எடுத்துக்கினு போறியா?"

வேண்டாம் என்றேன். சாட்சியைக் கடைந்து சாப்பிடக் கூடாது. போட்டோ மட்டும்.

சூப்பரின்டெண்ட் ரமணா சார் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "கீரையக் காட்டி கண்டெய்னர நிறுத்த முடியுமாம்மா?" கண்டெய்னர் ஏற்கெனவே சென்னைத் துறைமுகத்தில். ஞாயிறு கப்பல்.

ஜூன் 11, புதன்

நடந்தது நடந்தபடி:

ரமணா சாரும் வந்தார். ஷெட் நிறையப் பெண்கள். வரிசையாக உட்கார்ந்து முடி வாருகிறார்கள். மூன்றாம் வரிசையில் என் சின்னம்மா! அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. போன ஞாயிறு வீட்டுக்கு வந்திருந்தபோது மாந்தோப்பில் காய் பறிக்கிற கதைதான் சொன்னாள். மாங்காய்ப் பால் பட்டு வெந்த விரல்களால் சீப்பைப் பிடித்திருந்தாள்.

சார் நேராக அவளிடமே போய் எத்தனை நாளாக இங்கே வேலை என்று தெலுங்கில் கேட்டார். "ரெண்டேள்ளு சார்." இரண்டு வருடமாம். கண் சிமிட்டாமல். என்னைப் பார்த்தாள். யாரோ போல மறுபடி வாரத் தொடங்கினாள்.

நானும் அவளைத் தெரியாதவள் போல அடுத்த வரிசைக்கு நகர்ந்தேன். சார் மோர் குடித்துவிட்டு, "ஃபைலை மூடிடலாம்மா."

ஜூன் 12, வியாழன்

தலைவலி மாத்திரை 1. மின் கட்டணம் கட்ட மறந்தேன்.

ஆபீஸ் விட்டதும் சின்னம்மா வீடு. சிரித்துக்கொண்டே வரவேற்றாள்.

"வேன் வச்சி இட்டுக்கினு போனாங்க பாப்பா. ஒரு நாள் வேல, நெழல்ல. பிரியாணி வேற துன்னோம்."

"ஏன் பொய் சொன்ன?"

"ஆபீசர் கேட்டா ரெண்டு வருசம்னு சொல்லுன்னாங்க. நீ கேட்டா இன்னா சொல்றதுன்னு யாரும் சொல்லலியே!"

சிரிப்பும் வந்தது, அறையவும் கை வந்தது. ஆபீசில் வந்து உள்ளதைச் சொல்வாயா என்றேன். யோசித்தாள். "அப்புறம் வேன்காரன் கூப்ட மாட்டான். சரி போ. உன் வேலைக்கு நல்லதுன்னா வரேன்."

அங்கேதான் சிக்கல். சாட்சி சொந்தக்காரி என்றால் நான் கேஸிலிருந்து விலக வேண்டும். சொல்லாமல் விட்டால்? யாருக்குத் தெரியப் போகிறது? பஸ்ஸில் வரும்போது மூன்று முறை 'சொல்லக் கூடாது' என்று முடிவு செய்தேன். மூன்று முறையும் மாற்றிக்கொண்டேன். என் முதல் கேஸ்!

ஜூன் 13, வெள்ளி

சொல்லிவிட்டேன். ரமணா சார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, என் கையிலிருந்த ஃபைலை வாங்கிப் பிரசாத்திடம் கொடுத்தார். "தப்பா எடுத்துக்காதம்மா." எடுத்துக்கொண்டேன்.

சின்னம்மா தனியாக வரவில்லை. ஷேர் ஆட்டோவில் இன்னும் மூன்று பேரோடு! நால்வரும் ஒரே பாட்டு: ஒரே நாள் வேலை. வாக்குமூலம் எழுதியது பிரசாத். நான் வராந்தாவில். கண்டெய்னரை நிறுத்தச் சொல்லித் தகவல் போய்விட்டது. மாலையே பிரசாத் சென்னைக்குக் கிளம்பினான்.

ஜூன் 14, சனி

மேகமூட்டம். வேறு ஏதோ ஃபைல். ஒரே பக்கத்தை எத்தனை முறை படித்தேனோ.

பிரசாத் போன். பின்னால் ஒரே கூச்சல்.

"மேடம்! கண்டெய்னர்ல முன்னாடி ரெண்டு வரிசைதான் டோப்பா. உள்ள பூரா பச்சை முடி! பின்னின சடை அப்படியே இருக்கு, ஒண்ணுல ஹேர்பின் கூட எடுக்கல!"

நாற்காலி பின்னால் விழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்! என் கீரை! என் சின்னம்மா!

ரிப்போர்ட்டில் பிரசாத் பெயர்தான் வரும். அழுகை வந்தது, உண்மைதான். கொஞ்ச நேரம்.

சாயந்திரம் சின்னம்மா போன். வேன் இந்தப் பக்கமே வரவில்லையாம், திங்கள் முதல் மறுபடி மாந்தோப்புதானாம்.

"போனா போவட்டும். உன் பேருக்குத்தான பாப்பா எல்லாம்? உனக்கு நல்லதாச்சா?"

ஆமாம் சின்னம்மா என்றேன். கண் சிமிட்டாமல்.